அருங்காட்சியகங்களில் தீத்தடுப்பும் வெப்பக்காப்பும்

ஓவியம், சுவடி, துணி, ஒளிப்படச் சுருள் முதலிய காட்சிப் பொருள்களைத் தீயிலிருந்தும் அதன் சூட்டிலிருந்தும் காக்க அருங்காட்சியகக் கட்டடத்தில் செய்யப்படும் ஏற்பாடுகள் இத்தலைப்பில் அடங்கும். தீத்தடுப்பு என்றதும் சிவப்பு சிலிண்டர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பொருள் பிழைக்குமா என்பதைப் பெரும்பாலும் சுவரே தீர்மானிக்கிறது. பொறியாளர்கள் ‘ஒரு மணி நேரச் சுவர்’ என்பதை உலையில் வைத்துச் சோதிக்கிறார்கள். 60 நிமிட முடிவில் உலைக்குள் ஏறக்குறைய 945 டிகிரி செல்சியஸ் இருக்கும். மறுபக்கத்தின் சூடு சராசரியாக 140 டிகிரிக்கு மேல் உயராவிட்டால் சுவர் தேறிவிட்டது. மனிதர் வெளியேறவும், மறுபக்கத்துப் பொருள் பற்றிக்கொள்ளாமல் இருக்கவும் இது போதும். அந்தச் சுவரில் மாட்டிய ஓவியத்துக்குப் போதாது. 25 டிகிரி அறையில் அதன் முதுகுக்குப் பின்னே 165 டிகிரி வரை ஏறலாம். தேன்மெழுகோ 65 டிகிரிக்குள் உருகிவிடும். பழைய ஓவியத் துணிகள் பலவற்றுக்கு மெழுகும் பிசினும் கலந்துதான் பின்துணி ஒட்டியிருக்கிறார்கள். தீக்காப்புப் பெட்டகங்களுக்கான அமெரிக்கத் தர அளவு இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறது: தாள் என்றால் உள்ளே 177 டிகிரி வரை போகலாம், காந்த நாடாவும் ஒளிப்படச் சுருளும் என்றால் 66 டிகிரிதான். பெட்டகத்துக்குக் காட்டும் இந்தக் கவனத்தைக் கட்டட விதிகள் கூடத்துக்குக் காட்டுவதில்லை. அவை ஆளைக் காக்க எழுதப்பட்டவை; ஓவியம் எழுந்து ஓடாது.

எனவே கலைப்பொருள் அறைக்குக் கூடுதல் வெப்பக்காப்பு தேவை. எந்தக் காப்பு என்பதில்தான் சிக்கல். ஏசி செலவைக் குறைக்கத் தெர்மோகோலும் பாலியூரித்தேன் ஃபோமும் நன்றாக உதவும். ஆனால் தீ வந்தால் அவையே எரிபொருள், கரும்புகையும் கக்கும். பாறைக் கம்பளி 1000 டிகிரியிலும் உருகாது. ஜிப்சம் பலகையின் வேலை இன்னும் நுட்பமானது. அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் கட்டுண்ட நீர். சூடேற ஏற அந்த நீர் ஆவியாகி வெளியேறும். அது தீரும்வரை பலகையின் பின்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சுவர் வியர்த்து உயிர் காக்கிறது என்றே சொல்லலாம்.

ஸ்பிரிங்க்ளர் இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீரே ஓவியத்தைக் கெடுக்கும் என்று அதை வேண்டாம் என்பவர்களும் உண்டு. பின்னவர்களின் அச்சம் சினிமா தந்தது. ஒவ்வொரு முனையிலும் உள்ள கண்ணாடிக் குமிழ் பொதுவாக 68 டிகிரியில் தனித்தனியே உடையும். தீக்கு மேலே இருப்பது மட்டும் பொழியும். நனைந்ததை உலர்த்தலாம், கரிந்ததை மீட்க வழியில்லை. ஆனால் கூரையடியில் அந்த 68 டிகிரி வருமுன்பே புகை பரவிவிடும். சுவரிடுக்கிலும் தளத்தடியிலும் ஒளிந்து ஓடும் தீயை ஸ்பிரிங்க்ளர் எட்டுவதுமில்லை. இங்கிலாந்தின் கிளாண்டன் பார்க் மாளிகையில் 2015இல் அடித்தள மின்பலகையில் பிறந்த தீ, இத்தகைய இடுக்குகள் வழியேதான் மேலேறியது. பழைய மாளிகையில் புதுச்சுவர் எழுப்ப முடியாது என்பது நியாயமான மறுப்பு. ஆனாலும் கேபிள் நுழையும் துளைகளை அடைப்பதும், சேமிப்பறைக்குள் இன்னோர் அறை அமைப்பதும் எந்த அழகையும் கெடுக்காது.

ஆபத்தில் பொருள்களை வெளியே தூக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ரியோ டி ஜெனிரோவில் உள்ள பிரேசில் தேசிய அருங்காட்சியகம் பதில் சொல்லிவிட்டது. 2018 செப்டம்பர் 2 இரவு, தரைத்தள அரங்கின் ஏசியில் தொடங்கிய தீயைத் தடுக்க அந்த 200 ஆண்டு நிறுவனத்தில் தீக்கதவுகள் இல்லை. அருகிலிருந்த தீயணைப்புக் குழாய்களில் போதிய தண்ணீரும் இல்லை. ஊழியர்கள் உள்ளே ஓடிக் கொஞ்சம் மீட்டார்கள். சுமார் 2 கோடிப் பொருள்களில் பெரும்பகுதி போயிற்று. தாவரவியல் தொகுப்பும் முதுகெலும்பிகள் தொகுப்பும் மைய நூலகமும் தனிக் கட்டடத்தில் இருந்ததால் தப்பின.