குறி கேட்ட சீமையும் சதைப் பரிசோதனையும்

வாசுதேவநல்லூரிலிருந்து புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று போகும் சாலை குற்றாலத்தில் கொண்டுபோய் விடும். பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய மண் அது. அதில் தலைவி வசந்தவல்லியின் கையைப் பார்த்து, குறி சொல்லும் குறத்தி சிங்கி அவள் நோய் இன்னதென்று சொல்லிவிடுகிறாள். மனம் தவிக்கும்போது பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். சந்நிதியில் வைத்துக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். இரண்டே விடை, ஒரே நிமிடம். மார்பில் கட்டி என்று சதை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கோ அப்படி இல்லை. 'புற்றுதான்' என்று முதல் ரிசல்ட் வந்த பிறகும், 'இன்னும் இரண்டு டெஸ்ட் பாக்கி' என்கிறார்கள். அறிவியல் வளர வளர விடை ஏன் தாமதமாகிறது? இந்தத் தாமதத்தில் ஒரு பங்கு மருத்துவத்தின் குறையே அல்ல, பெண்கள் கேட்டுப் பெற்ற அவகாசம் என்பதுதான் வரலாறு சொல்லும் பதில்.

முதலில், அந்தச் சதைத்துணுக்கு எங்கே கிடக்கிறது என்று பார்ப்போம். பென்சில் முனைக்குள் இருக்கும் கரிக்குச்சியைப் போன்ற மெல்லிய துண்டு அது. ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம் ஊற வேண்டும். 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிறகு ஆல்கஹாலில் ஈரம் போக்கி, பாரஃபின் மெழுகில் புதைத்து, தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்திச் சாயம் ஏற்றுகிறார்கள். புற்றா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும். அடுத்த கேள்வி, அது என்ன வகைப் புற்று என்பது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் இருந்தால் மாத்திரையால் ஹார்மோனைத் தடுக்கும் வழி இருக்கிறது. ஹெர்2 புரதம் மிகுதியாக இருந்தால், 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் போன்ற ஊசி மருந்துகள் இருக்கின்றன. ஹெர்2 சோதனையில் 2+ என்று வந்தால் அது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. மரபணுவையே எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனைக்கு அந்த மெழுகுக்கட்டி மறுபடி போக வேண்டும். விடை ஒன்றே என்றிருந்த காலத்தில் சிகிச்சையும் ஒன்றாகவே இருந்தது.

அந்த ஒரே சிகிச்சையின் பெயர் ஹால்ஸ்டெட் அறுவை. 1880-களில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் தொடங்கியது. மார்பையும் அதன் அடித்தசையையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே எடுத்துவிடுவது. சதையை உறையவைத்துச் சில நிமிடங்களில் பார்க்கும் முறையும் கைவந்த பிறகு, அங்கே எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே பரிசோதனை, அறுவை இரண்டுக்கும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கட்டியை எடுத்துப் பக்கத்து அறைக்கு அனுப்பி, புற்று என்றால் அப்போதே மார்பை அகற்றுவார்கள். மயக்கம் தெளிந்து, மார்பில் போட்டிருந்த கட்டைத் தடவிப் பார்த்துத்தான் பெண் தன் ரிசல்ட்டை அறிந்தாள். 1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கும் பரிசோதனையும் அறுவையும் ஒரே அமர்வில்தான் நடந்தன. அதே ஆண்டு ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், பரிசோதனையை மட்டும் தனியாகச் செய்யும் மருத்துவரைத் தேடி அலைந்தார். அதற்காகவே எழுதவும் வாதாடவும் செய்தார். 1979-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, பரிசோதனையையும் அறுவையையும் பிரித்துச் செய்யலாம் என்றது. அந்தக் குழுவில் குஷ்னரும் இருந்தார். இன்றைய காத்திருப்பு அந்தப் பிரிவினையில் பிறந்தது.

நோயாளியே காத்திருக்கிறாள் என்பதும் புதிதுதான். 1961-ல் சிகாகோவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் 90 சதவீத மருத்துவர்கள், புற்று என்று நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979-ல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். நம் குடும்பங்களில் அந்த மாற்றம் பாதியில் நிற்கிறது. ரிப்போர்ட் கணவன் கைக்கோ மகன் கைக்கோ போகிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளிடம் 'சாதாரண நீர்க்கட்டிதான்' என்கிறார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அவள் முகங்களைப் படிக்கிறாள், தனியே தவிக்கிறாள். காத்திருப்பு அவளை விட்டுப் போவதில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. நாள்கணக்கில் வதைபடுவதைவிட ஒரே நாளில் முடிந்தால் மேலல்லவா? அந்த வேகத்தின் விலை, முடிவெடுக்கும் நேரத்தில் அவள் மயக்கத்தில் இருந்ததுதான். அதற்குள் நோய் முற்றிவிடாதா? சோதனைகளுக்கான ஓரிரு வாரம் பொதுவாக நிலைமையை மாற்றுவதில்லை. மூன்று மாதம், ஆறு மாதம் என்று தள்ளிப்போனால் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது என்று 1999-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. மூன்றாவது மறுப்புதான் கனமானது: அவகாசம் என்பது பட்டணத்துக்காரிக்கு. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் திறந்த புற்றுநோய் நிலையம் சென்னை அடையாற்றில். 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் மலைக்கு அந்தப்பக்கம் திருவனந்தபுரத்தில். எலுமிச்சைத் தோட்டத்துக் கூலியை விட்டுவிட்டு, 'ரிப்போர்ட் வரல, அடுத்த வாரம் வா' என்ற ஒரு வரிக்காக பஸ் ஏறிப் போய்த் திரும்புவதை அவகாசம் என்று சொல்ல முடியாது. உண்மைதான். அதனால்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும்: ஃபார்மலினும் சாயமும் கேட்கும் நேரம் தவிர்க்க முடியாதது, தூரமும் அலட்சியமும் கூட்டும் நேரம் தவிர்க்கக்கூடியது. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மன்னிக்கக் கூடாது.

எந்தச் சோதனை பாக்கி, எந்தத் தேதியில் வரும், அதைப் பொறுத்து எந்த மருந்து மாறும், யாரிடம் போன் செய்து கேட்கலாம்? இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் பயம் போய்விடாது; ஆனால் அதற்கு ஓர் எல்லை கிடைக்கும். குறி சொன்னவளுக்கும் பூக்கட்டிப் போட்டவர்களுக்கும் இது தெரிந்திருந்தது: கேட்டவள் எதிரிலேயேதான் விடை வந்தது. பூப்பொட்டலத்தைப் பிரிக்கக் குழந்தையைக் கூப்பிட்டோம். ரிப்போர்ட் உறையைப் பிரிக்க அவளையே கூப்பிட வேண்டும்.