அண்ணா சாலை

சென்னையின் தென்மேற்குப் புறநகரை நகர மையத்துடன் இணைக்கும் முதன்மைச் சாலை. ஜார்ஜ் கோட்டைப் பக்கம் தொடங்கி, தீவுத்திடலில் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலையைக் கடந்து, தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை வழியாகக் கிண்டி கத்திப்பாராவை அடைகிறது; அதன்பின் கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) சாலையாகத் தொடர்கிறது. பரங்கிமலைக்கு (செயின்ட் தாமஸ் மவுண்ட்) செல்லும் வழி என்பதால் மவுண்ட் ரோடு எனப் பெயர் பெற்றது. பழைய சென்னைவாசிகள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதன் வரலாற்றில் முதலில் சொல்லவேண்டியது சைதாப்பேட்டைப் பாலம். அடையாற்றைக் கடக்க ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் தம் சொந்தப் பணத்தில் கட்டிய மர்மலாங் பாலமே, தெற்கிலிருந்து வருவோருக்கு நகரைத் திறந்துவிட்டது. அரசு செய்யவேண்டியதை ஒரு தனிமனிதர் செய்த அரிய கொடை அது. அந்த இடத்தில் இப்போது மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது.

ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் ஆகியவை இச்சாலையின் அடையாளங்கள். 2019 முதல் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். நிலையத்திலிருந்து வடக்கே சாலைக்கடியில் மெட்ரோ ஓடுகிறது.