கோணமலைக் கடலும் கண்ணீர்ப் படலமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கோட்டைகளையும் கப்பற்படைகளையுமே கருத்திற் கொண்டனர். அதனை அண்டிய கடலடி, கண்ணின் ஒளியியலை விளக்குவதற்கும் ஒரு சான்று தருகின்றது. 1956ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியிற் சுழியோடி, 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களை நீரடியிற் கண்டனர். கண்ணாடி பொருத்திய முகமூடி இல்லாதிருந்தால் அத்தூண்கள் உருவற்ற நிழல்களாகவே தோன்றியிருக்கும். கடல்நீர் கலங்கியிருந்தமையால் அன்று. கண்ணின் முதல் வில்லையை நீர் செயலிழக்கச் செய்வதால்.

மனிதக் கண்ணின் முறிவு வலு ஏறத்தாழ 60 டயொப்டர். அதில் 43 அளவு, கண்ணின் முகப்பில் அமைந்த ஒளிபுகும் விழிவெண்படலத்தினாலேயே கிடைக்கின்றது. வளியின் முறிவுச்சுட்டி 1. அப்படலத்தை மூடிய கண்ணீரினது ஏறத்தாழ 1.34. இவ்வேறுபாடே ஒளியை வளைக்கின்றது. வளி இருந்த இடத்தில் 1.33 சுட்டியுடைய நீர் வந்து நின்றால் ஒளி வளைதற்கு இடமேது? இழந்த வளிப்படையை விழியின் முன் மீட்டு வைப்பதே முகமூடியின் பணி.

கடலில் இறங்காமலே இவ்வுண்மையைப் பயன்படுத்தியவர் தோமசு யங். 1801இல் வெளியான ஆய்வுரையில், வில்லை பொருத்தி நீர் நிரப்பிய சிறு குழலைத் தம் கண்ணோடு சேர்த்துவைத்துச் செய்த சோதனையை அவர் விவரித்தார். விழிவெண்படலம் செயலற்ற நிலையிலும் அண்மைக்கும் சேய்மைக்கும் ஏற்பக் குவியும் ஆற்றல் குன்றவில்லை. ஆகவே அவ்வாற்றல் உள்வில்லைக்குரியது என நிறுவினார். அவர் ஒதுக்கிவைத்த முகப்பே ஈண்டு ஆராய்தற்குரியது.

அம்முகப்பின் வளைவை 1619இலேயே கிறித்தோப் சைனர் என்னும் சேசுசபைத் துறவி மதிப்பிட்டிருந்தார். கண்ணிற் பளிச்சிடும் சாளரத்தின் பிம்பத்தை, பல பருமனுடைய கண்ணாடிக் குண்டுகளில் தோன்றிய பிம்பங்களோடு அவர் ஒப்பிட்டார். உண்மையில் அவருக்கு ஆடியாக நின்றது விழிவெண்படலம் அன்று, அதன்மேற் பரந்த கண்ணீரே. ஏறத்தாழ 3 மைக்குரோமீற்றர் தடிப்புடைய இப்படலமே கண்ணின் முதல் ஒளியியற் பரப்பு. ஒவ்வோர் இமைப்பும் அதனை மீளப் பரப்புகின்றது. இமையாதிருப்பின் சிறிது நேரத்தில் அது மெலிந்து குலைகின்றது.

செயற்கைக் கண்ணீரின் வரலாறு இப்பரப்பை ஈரமாக வைத்திருக்கும் முயற்சியின் வரலாறாகும். 1934இல் கார்ல் மேயரும் யோன் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து ஐயலுரோனிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். 1945இல் கென்னத் சுவான் மெதையில் செலுலோசைக் கண்மருத்துவத்திற் பயன்படுத்துவது பற்றி எழுதினார். இச்சொட்டுகள் உறுத்தலைத் தணித்தன. பிம்பத்தின் தரத்துக்கு அவை யாது செய்தன என்பதை நுண்ணிதாக அளக்கும் வழி பின்னரே வாய்த்தது. 1994இல் இலியாங், பில்லே முதலியோர் ஆட்மன்–சாக் உணரியைக் கொண்டு மனிதக் கண்ணின் அலைமுகப் பிறழ்வுகளை அளந்தனர்.

நலமான கண்ணிற் சொட்டு மருந்து இட்டவுடன் பார்வை கூர்மையடையும் என்ற எண்ணத்துக்கு இத்தகைய அளவீடுகள் வலுவூட்டவில்லை. நீர்த்த சொட்டு விரைவில் வடிந்துவிடும். அதனால் விளையும் மாற்றமும் சிறிதே. பாகுமை மிக்க சொட்டோ, கண்ணீரோடு ஒருசீராகக் கலக்குமுன் படலத்தை ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிவாகவும் ஆக்கிப் பிறழ்வைக் கூட்டுகின்றது. இக்கலங்கல் சில நிமிடங்களிலேயே தெளியும். உலர்ந்த கண்ணின் நிலை வேறு. ஆங்குப் படலம் முன்னரே குலைந்திருப்பதால், சொட்டு அதனை நிரவிப் பிம்பத்தைத் திருத்தவும் கூடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொட்டியாரக் குடாவிற் படகு செலுத்துவோர்க்கு இவ்வேறுபாடு வெறும் ஏட்டறிவன்று. வெப்பமும் உலர்காற்றும் கண்ணீரை விரைவில் ஆவியாக்குகின்றன. உலர்விழியுடையார்க்குச் சொட்டு மருந்து பயன்தரும். எனினும் தடித்த சொட்டை இட்டவுடன் சுக்கானைப் பிடித்தல் தக்கதன்று. கரையில் இட்டு, பார்வை தெளிந்தபின் புறப்படுதலே முறை. களிம்பாகவும் களியாகவும் அமைந்த மருந்துகளை உறங்கப் போகுமுன் இடுமாறு மருத்துவர்கள் பணிப்பதும் இக்கலங்கல் கருதியேயாம்.