காக்காப்பொன் படை

வார்ஹேமர் ஆடுகிறவர்களைக் கேளுங்கள்: கடைசிப் பொம்மைக்கும் வண்ணம் தீட்டினால்தான் அது படை, அதுவரை வெறும் பிளாஸ்டிக். அந்த விளையாட்டு இங்கிலாந்தில் வந்தது 1983இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, உள்ளங்கை அகல மனிதர்களை செட் செட்டாகத் தீட்டி விற்ற ஊர் நம்ம திருச்சி.

நிஜப்படையை அந்த ஊர் முதலிலேயே பார்த்துவிட்டது. ஸ்ரீரங்கம் தீவில் இருந்த பிரெஞ்சுப் படை 1752 ஜூனில் சரணடைந்தது. 1801இல் கர்நாடகம் கம்பெனி கைக்குப் போனது. கன்டோன்மென்ட் துரைமாருக்கு வீட்டுக்கு அனுப்ப நினைவுப்பொருள் வேண்டியிருந்தது.

ஓவியர்கள் எடுத்தது காக்காப்பொன், அதாவது மைக்கா. கண்ணாடி மாதிரி தெரியும், காகிதம் மாதிரி லேசு. ஆனால் வண்ணத்தை உறிஞ்சாது. தகடு வளைந்தால் உதிர்ந்துவிடும். சிப்பாய், தண்ணீர் சுமப்பவர், சலவைக்காரர் என்று ஆளுக்கொரு தகடு.

மைக்கா ஓவியத்தில் இன்னொரு வகை உண்டு. அட்டையில் ஒரே முகம். தகடுகளில் தலையில்லாத உடைகள். ஒன்றை மேலே வைத்தால் சிப்பாய், எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் சாமியார்.

துரைமார் வாங்கியது சாதி, தொழில் வாரியாகப் பிரித்து அடுக்கிய ஒரு நாட்டை. ஆனா, யோசிச்சுப் பாருங்க: தகட்டை எடுத்துட்டா எல்லாருக்கும் ஒரே முகம்தான். ஓவியர் அதை நினைத்துச் செய்தாரோ இல்லையோ, விளையாட்டு அதைத்தான் காட்டுகிறது.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் திருச்சித் தகடுகள் இருக்கின்றன. இத்தகைய ஓவியங்களில் பெரும்பாலும் தீட்டியவர் பெயர் இருக்காது.