பழைய மின்னணுச் சைரன்: வரலாறும் மீட்டெடுப்பும்

அவசர ஊர்திகளுக்கான மின்னணுச் சைரன் என்பது, சுழலும் உறுப்பு எதுவுமின்றி டிரான்சிஸ்டர் சுற்றுகளின் உதவியால் எச்சரிக்கை ஒலியை எழுப்பும் கருவியாகும். 1960களில் அமெரிக்காவின் காவல் ஊர்திகளிலும் ஆம்புலன்சுகளிலும் தீயணைப்பு வண்டிகளிலும் இது பரவியது. அக்காலக் கருவிகள் பலவற்றைச் சேகரிப்பாளர்களும் தீயணைப்பு அருங்காட்சியகங்களும் இன்று பழுது நீக்கி மீண்டும் ஒலிக்கச் செய்கின்றனர். இப்பணியில் பெட்டியைப் பளபளப்பாக்குவது எளிது. அதன் பழைய குரலைத் திரும்பப் பெறுவதுதான் கடினம். அந்தக் குரல் கருவியின் எந்த உறுப்பில் இருக்கிறது என்பது அதன் வரலாற்றைப் பார்த்தால் தெரியும்.

துளைத்தட்டும் மோட்டாரும்

ஓடும் காற்றை ஒழுங்கான இடைவெளியில் அடைத்துத் திறந்தால் இசையொலி பிறக்கும் என்பதை ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் ராபிசன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்டினார். 1819இல் பிரான்சைச் சேர்ந்த சார்லசு கன்யார் த லா தூர் இதைச் சுழலும் துளைத்தட்டாக மேம்படுத்தி, 'சைரன்' என்று பெயரிட்டார். கிரேக்கத் தொன்மக் கதைகளில் பாட்டால் மாலுமிகளை ஈர்த்த கடற்பெண்களின் பெயர் அது. அவருடைய கருவி நீருக்குள்ளும் ஒலித்ததால் அப்பெயர் பொருந்தியது. அருகே அழைத்து அழிப்பவர்களின் பெயர், விலகி வழிவிடச் சொல்லும் கருவிக்கு நிலைத்துவிட்டது வேடிக்கைதான். ஆலைச் சைரனைச் 'சங்கு' என்று அழைக்கும் தமிழ்ப் பேச்சு வழக்கு இன்னும் பொருத்தமானது எனலாம்.

துளைத்தட்டின் கணக்கு எளியது. துளைகளின் எண்ணிக்கையை ஒரு நொடியில் தட்டு சுற்றும் எண்ணிக்கையால் பெருக்கினால் ஒலியின் அதிர்வெண் கிடைக்கும். 10 துளைகள் உள்ள தட்டு நொடிக்கு 100 முறை சுற்றினால் 1000 ஹெர்ட்சு ஒலி எழும். மோட்டார் வேகமெடுக்கும்போது ஒலி கீழிருந்து மேலேறும். மின்சாரத்தை நிறுத்தினால் தட்டு தானே ஓய்ந்து சுழல, ஒலியும் மெல்ல இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. கனமான இரும்பு உடனே வேகமெடுக்காது, உடனே நிற்கவும் நிற்காது என்பதன் விளைவு அது. ஆனால் இரண்டு தலைமுறை மக்களின் காதுகளுக்கு அதுவே ஆபத்தின் அடையாளமாகிவிட்டது.

மோட்டார் சைரனின் குறை அதன் பசி. பெடரல் நிறுவனத்தின் புகழ்பெற்ற கியூ2பி என்னும் தீயணைப்பு வண்டிச் சைரன், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 100 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதாவது 1200 வாட். வீட்டில் ஓர் இஸ்திரிப் பெட்டி எடுப்பதோடு ஒப்பிடத்தக்க ஆற்றல் இது. பெரிய தீயணைப்பு வண்டி இதைத் தாங்கும். வானொலிக் கருவியும் சுழல்விளக்கும் ஏற்கெனவே ஒரே மின்கலத்தை நம்பியிருந்த காவல் காருக்கு இது பெருஞ்சுமை.

டிரான்சிஸ்டரின் வருகை

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் பல ஆம்பியர் மின்னோட்டத்தைக் கையாளும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் கடைக்கு வந்தன. அவற்றைக் கொண்டு 100 வாட் அளவிலான ஒலிமிகைப்பியை ஒரு சிறு பெட்டிக்குள் அடக்க முடிந்தது. மின்கலத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் எடுத்தாலே அதற்குப் போதும். கூடவே ஒரு வசதியும் கிடைத்தது. ஒலிமிகைப்பியும் ஒலிபெருக்கியும் இருப்பதால் அதே பெட்டி வழியே அலுவலர் மைக்கில் பேசலாம். காருக்கு வரும் வானொலிச் செய்தியை வெளியில் நிற்பவரும் கேட்கச் செய்யலாம். பெடரல் நிறுவனத்தின் 'இன்டர்செப்டர்' போன்ற பெட்டிகளின் முகப்பில் உள்ள திருகுக் குமிழ் இவற்றுக்கிடையே மாறுவதற்காகவே அமைந்தது.

இயந்திரத்துக்குக் கட்டுப்படாத மின்னணுச் சுற்றால் எந்த ஒலியையும் எழுப்ப முடியும். ஆனாலும் வடிவமைப்பாளர்கள் பழைய மோட்டாரின் குரலையே போலச் செய்தனர். மக்கள் எதைக் கேட்டால் ஒதுங்குவார்களோ அதைத்தான் ஒலிக்க வேண்டும் அல்லவா? அதற்கு அவர்கள் பயன்படுத்தியது ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும். மின்தடை வழியாக மின்தேக்கி நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் ஏறும். வேகமெடுக்கும் மோட்டாரின் போக்கும் ஏறக்குறைய இதே வளைகோடுதான். அந்த மின்னழுத்தத்தைக் கொண்டு அலையியற்றியின் அதிர்வெண்ணை மாற்றினால் ஊளை ஒலி கிடைக்கிறது. 100 மைக்ரோபாரட் மின்தேக்கியும் 33 கிலோஓம் மின்தடையும் சேர்ந்தால் நேர மாறிலி 3.3 நொடி. கனமான இரும்புத் தட்டு செய்த வேலையை விரலளவுள்ள ஒரு மின்தேக்கி செய்துவிடுகிறது.

மின்தேக்கியின் அளவைக் குறைத்தால் ஏற்ற இறக்கம் வேகமாகி, நாய்க்குட்டி குரைப்பதுபோன்ற 'யெல்ப்' ஒலி வரும். இன்றைய அமெரிக்க வரையறைகளின்படி ஊளை நிமிடத்துக்கு 10 முதல் 30 முறையும், யெல்ப் 150 முதல் 250 முறையும் ஏறி இறங்க வேண்டும். இரு சுரங்கள் மாறி மாறி வரும் மூன்றாவது ஒலி ஐரோப்பிய ஊர்திகளின் இருதொனிக் குழல்களை நினைவூட்டுவது.

மீட்டெடுப்பு

அறுபது ஆண்டுகள் கடந்த சைரன் பெட்டியை நேரடியாகக் கார் மின்கலத்தில் இணைப்பதே மீட்டெடுப்பில் நிகழும் முதல் தவறு. உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் கார் மின்கலம் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தயங்காமல் கொடுத்துக் கம்பிகளை எரித்துவிடும். முதலில் பெட்டியைத் திறந்து எல்லாக் கோணங்களிலும் ஒளிப்படம் எடுத்து, நேர்முனையையும் எதிர்முனையையும் உறுதிசெய்துகொண்டு, மின்னோட்ட வரம்பு வைத்த மின்வழங்கியில் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும்.

ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு ஒலிமிகைப்பியை இயக்குவதும் ஆபத்தானது. 100 வாட் ஒலிபெருக்கியின் மின்மறுப்பு பெரும்பாலும் 11 ஓம். அதில் 100 வாட் செலுத்த ஏறத்தாழ 33 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் மின்கலத்திலிருந்து அதைப் பெற, பழைய கருவிகளில் வெளியீட்டு மின்மாற்றி ஒன்று இருக்கும். சுமையில்லாமல் இயக்கினால் அம்மின்மாற்றியில் எழும் திடீர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டர்களைத் துளைத்துவிடும். எனவே ஒலிபெருக்கிக்குப் பதிலாக 11 ஓமை ஒட்டிய, 100 வாட் தாங்கும் மின்தடையை இணைத்துச் சோதிப்பது வழக்கம். இதனால் காதும் தப்பும். 3 மீட்டர் தொலைவில் 120 டெசிபலை நெருங்கும் ஒலியை மூடிய அறையில் கேட்டால் செவிப்புலன் நிலையாகப் பாதிக்கப்படலாம்.

பழைய கருவிகளில் அதிகம் கெடுபவை மின்பகுபொருள் மின்தேக்கிகள். உள்ளிருக்கும் ஈரம் உலர்ந்துபோவதால் அவற்றின் கொள்ளளவு குறைகிறது. மின்வழங்கல் பகுதியில் இருப்பது கெட்டால் ஒலி கரகரக்கும், அவ்வளவுதான். நேரத்தைத் தீர்மானிக்கும் மின்தேக்கி கெட்டால் சைரனின் குரலே மாறிவிடும். கொள்ளளவு பாதியானால் ஊளை இருமடங்கு வேகத்தில் ஓடும். மின்கசிவு இருந்தால் மின்னழுத்தம் உச்சியைத் தொடாது, ஒலியும் உயரே போகாமல் பாதியில் திரும்பும். பழைய கார்பன் மின்தடைகளின் மதிப்பு காலப்போக்கில் கூடிவிடுவதும் உண்டு. இரண்டு பிழைகளும் எதிரெதிராக ஈடுகட்டி, கெட்டுப்போன சைரன் சரியாக ஒலிப்பதுபோல் ஏமாற்றவும் கூடும். அதனால் காதை மட்டும் நம்பாமல் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, நிறுவனத்தின் பழுதுநீக்கும் கையேட்டில் உள்ள மதிப்போடு ஒப்பிட வேண்டும்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இன்று எளிதில் கிடைப்பதில்லை. அதன் இடத்தில் சிலிக்கான் டிரான்சிஸ்டரை அப்படியே பொருத்திவிட முடியாது. முன்னது 0.2 முதல் 0.3 வோல்ட்டில் இயங்கத் தொடங்கும், பின்னதற்கு 0.6 முதல் 0.7 வோல்ட் வேண்டும். சுற்றின் சார்பழுத்தத்தையும் மாற்றியாக வேண்டும். ஜெர்மானியம் உயிரோடு இருந்தால் அதைக் காப்பாற்றுவதே நல்லது. சூடேறினால் அதன் கசிவு மின்னோட்டம் கூடும், அது மேலும் சூடாக்கும். இச்சுழலில் அது தன்னையே எரித்துக்கொள்ளும். ஆகவே வெப்பம் கடத்தும் பழைய களிம்பைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். அடியிலுள்ள மைக்காத் தகடு உடையாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

ஒலிபெருக்கியில் கெடுவது பெரும்பாலும் மெல்லிய அதிர்தகடு. ஆண்டுக்கணக்கில் காரின் முன்புறத்தில் மழையும் தூசியும் பட்டு அதன் விளிம்பு வெடித்திருக்கும். காந்த இடைவெளியில் சேர்ந்த இரும்புத் தூளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்கலாம். கூம்புக்குள் குளவிக்கூடு இருந்தாலும் வியப்பதற்கில்லை.

சிலர் இத்தனை தொல்லை எதற்கென்று பழைய பெட்டிக்குள் புதிய நுண்சில்லுப் பலகையைப் பொருத்திவிடுகின்றனர். ஊர்வலத்தில் ஒருநாள் ஒலிக்க அது போதும். ஆனால் வரலாற்றுச் சான்றாக அதற்கு மதிப்பில்லை. நுண்சில்லு எழுப்பும் ஊளை பெரும்பாலும் ஒரே சீராக ஏறி ஒரே சீராக இறங்கும். 1960களின் தெருவில் கேட்டது அந்த ஒலி அல்ல. கையால் இயக்கும் பொத்தானை அழுத்தி விட்டுப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும். பழைய சுற்றில் மின்தேக்கி வடிய வடிய, ஓய்ந்து நிற்கும் மோட்டாரைப் போலவே ஒலி தேய்ந்து இறங்குகிறது. பலகையை மாற்றுவதற்கு வேறு வழியே இல்லாவிட்டால், மூலப் பலகையையாவது தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

கவனமான மீட்டெடுப்பாளர்கள் நீக்கிய ஒவ்வோர் உறுப்பையும் சிறு உறையிலிட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது, அளந்தபோது என்ன மதிப்பு, எந்தத் தேதியில் மாற்றியது என்று எழுதிப் பெட்டியோடு வைக்கின்றனர். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்தில் ஊளை எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுகின்றனர். கையேட்டின் எண்ணோடு அது ஒத்துப்போனால் மின்தடையைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியை இணைத்து, காதுக்குக் காப்பு அணிந்து, திறந்தவெளியில் முதன்முறையாகக் குமிழைத் திருப்புகின்றனர்.