சுவரில் எழுதிப்போன தேதி

பழைய வீடுகளின் வாசல் சுவரில் கட்டம் போட்டு வரிசையாகத் தேதி எழுதியிருக்கும், பார்த்திருக்கீங்களா? எங்க ஆலங்குளம் பக்கம் (தென்காசி மாவட்ட ஆலங்குளம் இல்லைங்க, விருதுநகர் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலை உள்ள ஆலங்குளம்) பெரியவங்களைக் கேட்டால், "மலேரியாக்காரர் எழுதிட்டுப் போறது"ம்பாங்க. அதுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருக்கு.

சுதந்திரம் வாங்கின காலத்தில் இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா. செத்துப்போனவர்கள் சுமார் 8 லட்சம். 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. வீட்டுக்குள் சுவரில் டிடிடி அடிப்பார்கள். ரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் உட்காருகிற கொசு செத்துவிடும். 1958-ல் அதுவே ஒழிப்புத் திட்டமானது. பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊழியர் வீடு வீடாக வந்து, "யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்பார். இருந்தால் விரலில் குத்தி, கண்ணாடிச் சில்லில் ரத்தம் எடுத்து, மாத்திரை கொடுத்து, சுவரில் தேதி போட்டுவிட்டுப் போவார். 1961-ல் நாடு முழுக்க நோயாளிகள் 50 ஆயிரத்துக்கும் கீழே!

அப்புறம்தான் சறுக்கல். மருந்து சுவரில் இருந்தால்தானே வேலை செய்யும்? நம்ம ஜனங்க மருந்து அடித்த சுவரிலேயே மண்ணும் சாணியும் பூசி மெழுகினால், பண்டிகைக்கு வெள்ளையடித்தால், எல்லாம் போச்சு. ஏன் பூசக்கூடாது என்று புரியும்படி சொன்னவர்கள் குறைவு. ஆரம்பத்தில் கொசுவோடு மூட்டைப்பூச்சியும் செத்ததால் டிடிடிக்கு நல்ல வரவேற்பு. மூட்டைப்பூச்சி மருந்துக்குப் பழகிப்போனதும், "இது எதுக்கு?" என்று பல ஊர்களில் கதவைச் சாத்திவிட்டார்கள். கொசுவும் மருந்துக்குப் பழகியது, மருந்துக்கும் தட்டுப்பாடு. 1976-ல் 64 லட்சம் பேருக்கு மலேரியா.

1977-ல் திட்டத்தை மாற்றினார்கள். ஊருக்குள்ளேயே ஒருவரிடம் மாத்திரையைக் கொடுத்து வைத்தார்கள். வெளியூர் ஊழியர் சொல்வதைவிடத் தெரிஞ்சவர் சொன்னால் ஊர் கேட்கும்தானே.

இலங்கையைப் பாருங்க. 1963-ல் வெறும் 17 நோயாளிகள். இனி பயமில்லை என்று அசந்தார்கள். 1968-69-ல் 5 லட்சத்தைத் தாண்டியது. விடாமல் காய்ச்சலைத் தேடித்தேடிப் பார்த்துத்தான் 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை வாங்கினார்கள்.

நம்ம பக்கம் வானம் பார்த்த பூமி. குழாயில் தண்ணீர் வருகிற அன்று டிரம், தொட்டி, குடம் எல்லாம் நிரப்பி வைப்போம். மலேரியா என்றாலே சாக்கடைக் கொசு என்றுதான் பலருக்கும் நினைப்பு. ஆனால் ஊர்களில் மலேரியாவைப் பரப்புகிற அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு முட்டையிடுவது கிணறு, மேல்நிலைத் தொட்டி, டிரம் மாதிரி நல்ல தண்ணீரில். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலிசெய்து தேய்த்துக் கழுவி மூடி வைக்கணும் என்பதன் கணக்கு இதுதான்.

2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது இந்தியாவின் இலக்கு. மருந்து ஒருபக்கம் இருக்கட்டும். "ஏன்" என்பதைச் சேர்த்துச் சொன்னால் நம்ம ஜனங்க கேட்பாங்க. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1976 சாட்சி.