எழுத்தைப் படிக்காமல் ஓட்டிய டிராக்டர்

கியர் லீவருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த எழுத்து என்னவென்று தெரியாமலேயே சித்தப்பா அந்த டிராக்டரை ஆறு மாதம் ஓட்டினார். ஆமைப் படத்தின் பக்கம் தள்ளினால் மெதுவாகப் போகும், முயல் பக்கம் தள்ளினால் ஓடும். அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒருநாள் பட்டறை முதலாளியான சீனத் தவ்கே வந்து பார்த்தபோதுதான் மற்றது தெரிந்தது. ஜப்பானியர் எழுதுவதில் பாதி சீன எழுத்து. "இது எண்ணெய், இது நிறுத்தம், இது முன்னால, இது பின்னால" என்று விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனவர் ஒரு சுவிட்சில் நின்றார். "இரண்டு மடங்கு வேகம்னு போட்டிருக்கு. பின்னால இருக்கிறது சுத்த ஜப்பான் எழுத்து, எனக்கும் தெரியாது."

வேகம் கூடுமென்று சித்தப்பா சுவிட்சைத் தட்டினார். நேராகப் போகையில் ஒன்றும் ஆகவில்லை. வரப்போரம் வளைத்தபோது முன்சக்கரம் இரண்டும் பிய்த்துக்கொண்டு ஓடி, கத்தரிக்காய்ப் பாத்தி ஒன்றைக் கிளறிப் போட்டுவிட்டது. தவ்கேக்குத் தெரியாத அந்தப் பாதிச் சொல் 'டர்ன்' என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானிய எழுத்தில் எழுதியது. சின்ன வயலில் குறுகலாகத் திரும்புவதற்காக, வளைக்கும்போது மட்டும் முன்சக்கரத்தை ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் சுழற்றும் ஏற்பாடு அது. கோளாறு டிராக்டரில் இல்லை.

அது குபோட்டா பி வரிசை, ஆரஞ்சு நிறம். 1890-இல் ஒசாகாவில் கொன்ஷிரோ குபோட்டா தொடங்கிய இரும்பு வார்ப்புப் பட்டறை, தண்ணீர்க் குழாய் வார்த்துப் பெயர் வாங்கிய பிறகு, 1960-இல்தான் டிராக்டருக்கு வந்தது. ஜப்பான் வயல்களுக்கேற்ப வண்டியும் சின்னதாகவே பிறந்தது. 1970 வாக்கில் அங்கே நெல் மிஞ்சிப்போய், பயிரிடும் பரப்பைக் குறைக்கச் சொல்லி அரசே பணம் கொடுத்தது. பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள், வயலில் நின்றவர்களுக்கு வயதானது. கொட்டகையில் கிடந்த வண்டிகளைத் தரகர்கள் வாங்கிக் கொள்கலனில் அடுக்கினார்கள். எங்களுடையது அப்படிக் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, புதுப் பெயிண்ட் பூசிக்கொண்டு லோரியில் பேராக்கிலுள்ள எங்கள் ஊர் பத்து காஜாவுக்கு வந்தது.

இதே வண்டிகள் அமெரிக்காவுக்கும் போயின. அங்கே குபோட்டா நிறுவனமே வழக்குப் போட்டது. 1997-இல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் அப்படி வந்த பல மாடல்களுக்குத் தடை விதித்தது, 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. முக்கியமான காரணம் ஸ்டிக்கர்: எச்சரிக்கை ஜப்பானிய மொழியில் இருக்கிறது, ஓட்டுகிறவருக்குப் புரியாது. சித்தப்பாவின் கத்தரிக்காய்ப் பாத்தியைப் பார்த்தவன் என்ற முறையில், நீதிபதிகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பேன்.

மொழி மட்டுமல்ல, எங்கள் மண்ணும் அந்த வண்டிக்குப் புதிது. எங்கள் நிலம் ஈயம் தோண்டிய நிலம். தஞ்சோங் துவாலாங் சாலையில் இன்றும் நிற்கிற டிடி5 ஈயக்கப்பல் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை வேலை செய்தது. அப்படிப்பட்ட கப்பல்கள் தின்று துப்பிய மண்ணில் சில இடம் வெறும் மணல், சில இடம் களி. சேற்று நெல்வயலுக்காகச் செய்த முன் அச்சுக்கு மணல்தான் எமன். ஆயில் சீலின் உதட்டை அது அராவிவிடும், சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் கசியும். சீல் மலிவுதான். கவனிக்காமல் விட்டால் உள்ளே எண்ணெயில்லாமல் பல்சக்கரம் போகும், அது மலிவில்லை.

எங்கள் போமன், அதாவது மெக்கானிக், ரப்பர் தோட்டப் பட்டறையில் மாஸி பெர்குசனைக் கழற்றிப் பழகியவர். அவரிடமிருந்தவை அங்குல ஸ்பேனர்கள். ஜப்பான் வண்டிக்கு 12, 14, 17 மில்லிமீட்டர் வேண்டும். முதல் நாளே இரண்டு போல்ட்டின் தலை உருண்டது. "கை பழகணும் தம்பி, அதுவரைக்கும் போல்ட்டு அழும்" என்றார். சாமான் வாங்குவதில் மட்டும் அவர் தவறியதில்லை. டிராக்டரின் மாடலைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் விழிப்பார், ஏனென்றால் ஜப்பானுக்குள் விற்ற மாடலும் வெளிநாட்டுக்குச் செய்த மாடலும் வேறு வேறு பெயர். எஞ்சின் பெயரைச் சொல்ல வேண்டும். குபோட்டாவில் இசட் என்றால் இரண்டு சிலிண்டர், டி என்றால் மூன்று, வி என்றால் நான்கு. பின்னால் வரும் எண் ஏறக்குறைய சிசி அளவு. எங்களுடையது டி850.

ஒருநாள் காலையில் அது எழவில்லை. பாட்டரி நன்றாக இருந்தது, ஸ்டார்ட்டர் சுற்றியது, புகைக்குழாயில் புகையே இல்லை. போமன் அதிலிருந்துதான் தொடங்கினார். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போய்ச் சேருகிறது, எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. பில்டர் கிண்ணத்தைக் கழற்றினார். அடியில் தண்ணீர், மேலே பழுப்புப் பிசுக்கு. மலேசியாவில் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்கிறார்கள். 2011-இல் 5 சதவீதத்தில் தொடங்கியது, 2019-இல் வாகன டீசலுக்கு 10 ஆனது. அது ஈரத்தை இழுக்கும், பழைய டாங்கியில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும், பழைய ரப்பர் குழாயை இளக்கும். சுற்றிலும் செம்பனை, குடித்ததும் செம்பனை, தொண்டை அடைத்ததும் அதனால்தான்.

பில்டரை மாற்றிவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் எழாது. உள்ளே காற்றுப் பிடித்திருக்கும். முதலில் பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். அடுத்து பம்பில் அதே வேலை. கடைசியாக இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும், கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. டீசல் துப்பியதும் இறுக்கினால் போதும். எங்களுக்கு இருபது நிமிடம் ஆனது. அவசரத்தில் ஈத்தர் ஸ்பிரே அடிக்கக் கூடாது. குளோ பிளக் சிவந்திருக்கும்போது அது உள்ளே வெடித்து பிஸ்டனையே உடைக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பேராக் வெயிலில் தேய்ந்த எஞ்சின்கூட நன்றாகவே எழும். ஜப்பான் பனியில் இருமி நின்றது இங்கே ஒரே சுற்றில் கிளம்பும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மணி மீட்டரையும் நம்ப வேண்டாம். கிளட்ச் பெடலின் ரப்பரையும் பின்னால் கருவிகளைச் சுழற்றும் பிடிஓ தண்டின் பற்களையும் பாருங்கள், தேய்மானம் அங்கே தெரிந்துவிடும். கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவு பழைய வண்டிகள் பலவற்றில் கிடையாது. குளக்கரையோரம் ஓட்டுவதாக இருந்தால் அது இல்லாத வண்டியை வாங்காதீர்கள்.

எங்கள் வண்டிக்கு இன்னொரு முறை பெயிண்ட் அடித்தபோது, பிடிஓ தண்டுக்கு மேலிருந்த சிவப்பு ஸ்டிக்கரும் ஆரஞ்சுக்குள் போய்விட்டது. அதில் முதல் இரண்டு எழுத்தை மட்டும் தவ்கே முன்பே படித்துச் சொல்லியிருந்தார்: ஆபத்து. உங்கள் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தால், அந்த இடத்தை மட்டும் மறைக்காமல் விடச் சொல்லுங்கள்.